பாக்சியின் டெக்சஸ் ஷிஃப்ட்

பிரிட்ஜ்வாட்டரில் முதல் நாள் காலை நடக்கப் போனேன். கோவையில் நான் தினமும் நடக்கிறவன் அல்ல. நடப்பதாக டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருப்பவன். வெளிநாட்டுக்குப் போனால் ஒழுக்கம் கூடிவிடுகிறது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஒரு கார் என் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணாடியை இறக்கி, உங்கள் கார் எங்காவது நின்றுவிட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் வந்த இரக்கத்தைப் பார்த்ததும், கார் நின்றுவிட்டது என்றே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

நான் வந்தது பேசுவதற்கு. நியூஜெர்சி, கலிபோர்னியா, டெக்சஸ் என்று மூன்று இடங்களில் தமிழ் வாசகர்கள் அழைத்திருந்தார்கள். பொருள், வங்காள இயக்குநர் பிரியதோஷ் பாக்சியின் திரைவாழ்க்கை. கோவையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து வங்காளியைப் பற்றி ஏன் பேசச் சொல்கிறோம் என்று அவர்கள் யோசித்துவிடப் போகிறார்களே என்று சீக்கிரமாகவே கிளம்பிவிட்டேன்.

உள்ளூர எனக்கு வேறொரு காரணம் இருந்தது. பாக்சியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'எட்டு வருஷமா' என்று இந்த இடத்தில் என் மனைவி சேர்ப்பாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நெடுநாளாகப் படமே எடுக்காத பாக்சி, எண்பதை நெருங்கும் வயதில், இப்போது டெக்சஸில் மகள் வீட்டில் இருக்கிறார். இனிமேல் எடுப்பாரா மாட்டாரா என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் புத்தகத்தை முடித்துவிடலாம்.

பிரிட்ஜ்வாட்டர் கூட்டம் நண்பர் ரவி வீட்டு பேஸ்மென்ட்டில். முதலில் சாப்பாடு, அப்புறம் பேச்சு என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். பருப்பு உருண்டைக் குழம்பு, வத்தக்குழம்பு, நடுவில் யாரோ கொண்டுவந்த ஒரு தட்டு லசானியா. இதையெல்லாம் உண்ட ஜனங்களைத் தரைவிரிப்பில் உட்காரவைத்து, விளக்கைக் குறைத்து, சணல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன்.

பாக்சியின் முதல் படம், அரிசிக்காக ஒரு தெருவே வரிசையில் நிற்பதைப் பற்றியது. அடுத்தது டிராம் தொழிலாளர்கள். அதற்கடுத்தது சணல் ஆலைக் கதவடைப்பு. அவசரநிலைக் காலத்தில் சில மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, சிறைச் சமையல்காரன் ஒருவனைப் பற்றிப் படம் எடுத்தார். அவர் கொடிபிடித்த இடதுசாரிகளின் ஆட்சி வந்தது. அந்த ஆட்சியையும் விடவில்லை, அதைக் கேள்வி கேட்டு ஒரு படம். எதிரிகள் முன்பே பேசுவதில்லை, இப்போது தோழர்களும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுத் தொலைபேசி ஓய்ந்துபோன அந்த வருடம்தான் நிம்மதியாகத் திரைக்கதை எழுதினேன் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

ஆலைப் படத்தைக் கோவையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டோம். படம் முடிந்ததும் பஞ்சாலை அண்ணன் ஒருவர் என்னிடம் வந்து, "எங்க மில்லு மாதிரியேதான் இருக்குதுங்க. பேச்சுத்தான் ஒண்ணும் புரியல. ஆனா அந்த மேனேஜர் திட்டறது மட்டும் நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றார். பாக்சியைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் இதுதான் சிறந்தது.

இதைச் சொன்னபோது பேஸ்மென்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள், மூன்று பேர் விழித்தார்கள். பிறகு கேள்வி நேரம். ஒருவர் எழுந்து, "சார், இந்தப் படமெல்லாம் எந்த ஓடிடில இருக்கு?" என்றார். எதிலும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு சார் இவ்ளோ டெம்ப்ட் பண்றீங்க?" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது கலிபோர்னியா. லிவர்மோரில் என்னைத் தங்கவைத்தவர் ஜெயசீலன், யாழ்ப்பாணத்துக்காரர், குபெர்டினோவில் பொறியாளர். இடியப்பமும் சொதியும் வைத்து, நான் போதும் என்று கையால் மறித்தபோதெல்லாம் கையின் மேலேயே பரிமாறினார். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணை, நாளைக்குக் காலமை ஒரு சின்ன உதவி செய்யவேணும்" என்றார்.

"சொல்லுங்க."

"என்னோட வேலைக்கு வரவேணும்."

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதே."

"ஒண்டும் தெரியத் தேவையில்லை. காரில இருந்தால் காணும். ரெண்டு பேர் இருந்தால் கார்பூல் லேனில போகலாம். உங்களால எனக்கு அரைமணித்தியாலம் மிச்சம்."

அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். தகுதி, உயிரோடு இருப்பது. குன்றுகளைத் தாண்டி நாங்கள் பறந்தபோது, பக்கத்துத் தடங்களில் தனித்தனியே உட்கார்ந்து நகராமல் இருந்த மனிதர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். கோவையில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பகல் முழுவதும் குபெர்டினோ நூலகத்தில் தூங்கிவிட்டு, மாலையில் திரும்பும் பயணத்துக்கும் பணியில் சேர்ந்தேன்.

திரும்பும்போது ஜெயசீலன் பாக்சி பற்றிப் பேசினார். மாணவனாக இருந்த காலத்தில் இரண்டு படம் பார்த்திருக்கிறாராம். "ஒரு விசயம் கேக்கட்டே? அந்தாளின்ர படத்தில ஒவ்வொரு முறையும் வேலைநிறுத்தம் தோத்துத்தான் போகுது. ஒருக்கால் எண்டாலும் அதுகளை வெல்ல விட்டால் என்ன? தியேட்டருக்கு வாற சனம் ஏற்கெனவே தோத்துப்போய்த்தானே வருகுது."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

டாலஸ் விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டவர் பாக்சியின் மருமகன் கார்த்திக், திருச்சிக்காரர். பெட்டியை டிக்கியில் வைக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். ஃப்ரீவே ஏறியதும் தொடங்கினார்.

"சார், நீங்கதான் அவருகிட்ட பேசணும். உங்களுக்கு அவரைத் தெரியும்."

"எனக்கு அவர் படங்களைத் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டுமே நான் சொல்றதைக் கேக்காது."

விஷயம் இது. அமெரிக்காவில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் தாத்தா பாட்டிகள் ஷிஃப்ட் முறையில் வருகிறார்கள். ஆறு மாதம் பையன் வீட்டார், ஆறு மாதம் பெண் வீட்டார். ஒரு ஷிஃப்ட் விமானம் ஏறுவதும் மறு ஷிஃப்ட் இறங்குவதும் சேர்ந்தாற்போல் நடக்கவேண்டும். நடுவில் குழந்தை கையில் யாராவது இருந்தாக வேண்டும். பாக்சி மனைவியை இழந்தவர், ஆகவே பெண் வீட்டு ஷிஃப்டை அவர் ஒருவரே பார்க்கிறார். ஏழு வயதுப் பேத்தி ஈராவைப் பள்ளியில் விடுவது, அழைத்துவருவது, சாப்பிடவைப்பது. அவருடைய ஆறு மாதம் அக்டோபரோடு முடிகிறது. மாற வேண்டிய கார்த்திக்கின் அப்பாவுக்குத் திருச்சியில் முழங்கால் ஆபரேஷன். அம்மா அவரை விட்டுவிட்டு வரமுடியாது.

"மாமா இன்னொரு ஆறு மாசம் எக்ஸ்டெண்ட் பண்ணணும், அவ்ளோதான் சார். கிரீன் கார்டு இருக்கு, விசா பிரச்சினை கிடையாது. கேட்டா பார்க்கலாம்ங்கிறார். அதோட, இங்க இருக்கிற பெரியவங்களை எல்லாம் வேற கெடுத்து வச்சிருக்கார்."

"எப்படி?"

"ஸ்டிரைக் பண்ண வச்சுட்டார் சார்."

அவ்வளவு மகிழ்ச்சி தரும் செய்தியை நான் சமீபத்தில் கேட்டதில்லை. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல் பாக்சியோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். உயரமான மனிதர், வெளுத்த ஜிப்பா, தலையில் பேத்தியின் பேஸ்பால் தொப்பி. வெயில் அடித்த அடியில் என் செருப்பு தாரில் ஒட்டியது. "மோஷாய்" என்று என்னைக் கூப்பிட்டார். வங்காளத்தில் அது ஐயா மாதிரி. பேசியது ஆங்கிலத்தில். "நீங்கள் முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் சம்பளமில்லாத ஒரு தொழிலாளியோடு நடந்துகொண்டிருக்கிறீர்கள். குறித்துக்கொள்ளுங்கள்."

பள்ளி வாசலில் கார்கள் ஒரு மைல் நீளத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. கார் இல்லாதவர்களுக்கு ஓர் ஓரத்தில் மரநிழல். அங்கேதான் நடந்து வரும் தாத்தா பாட்டிகள் கூடுகிறார்கள். தெலுங்கு, குஜராத்தி, தமிழ், இரண்டு சீனர்கள். மதுரையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள்தான் அங்கே எல்லாருக்கும் டீச்சர். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஸ்டிரைக் கதையை அவரே சொன்னார்.

"இவரு ஒருநா கேட்டாருங்க, உங்களுக்கு வார லீவு என்னைக்குன்னு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. முப்பது வருசம் ஸ்கூல்ல குப்பை கொட்டினேன், சனி ஞாயிறு லீவு. இங்க வந்து ஞாயித்துக்கெழமையும் ட்யூட்டி. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. சரின்னு ஒரு சனிக்கெழமை காலையில எல்லாரும் வீட்டை விட்டுக் கெளம்பி பார்க்குல போய் உக்காந்துட்டோம். வாரத்துல ஒருநாள் லீவு குடுத்தாத்தான் வீட்டுக்கு வருவோம்னு போன்ல சொல்லிட்டோம்."

"அப்புறம்?"

"மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அந்த குஜராத்தி அம்மா கொண்டாந்த டோக்ளா வேற. அப்புறம் நான்தான், பேரன் சாப்பிட்டானான்னு ஒரே ஒரு போன் போட்டேன். சாப்பிடலைன்னாங்க. நான் போனதும் தெலுங்குக்காரரும் எந்திரிச்சாரு. அவ்வளவுதான், எல்லாம் கலைஞ்சுருச்சு."

பாக்சிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று டீச்சர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "என் படங்களில் போலீஸ் வந்து உடைக்கும்," என்றார். "இங்கே தயிர்சாதம் வந்து உடைத்தது. அது இன்னும் பலமான ஆயுதம்."

இதுதான் சமயமென்று ஜெயசீலனின் கேள்வியைக் கேட்டேன். ஏன் ஒரு படத்திலாவது அவர்கள் ஜெயிப்பதில்லை?

"நான் நேரில் பார்த்ததைத்தான் எடுத்தேன். ஜெயித்ததைப் பார்த்தால் அதையும் எடுப்பேன்."

மணி அடித்தது. ஈரா தன்னைவிடப் பெரிய பையோடு ஓடிவந்து, அதைத் தாத்தாவிடம் வீசினாள். அவர் என்னை அறிமுகப்படுத்தினார். நான் தமிழில் நலம் கேட்டேன். "ஐ'ம் குட்" என்று சொல்லிவிட்டு, "தாது, தொப்பி உல்டாவா இருக்கு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அவரைத் திருத்தினாள். தாது என்றால் தாத்தா. நேராகப் போட்டுக்கொண்டார்.

அவள் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் வந்தோம். நான் எட்டு வருடக் கேள்வியைக் கேட்டேன். இனி படம் எடுப்பீர்களா?

ஈரா காதுக்கு எட்டாத தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினார். "நவம்பரில் ஷூட்டிங். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது."

கதை, மூடிப்போன ஒரு சணல் ஆலை. அது இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த ஆலையின் பழைய தொழிற்சங்கத் தலைவர்தான் இப்போது அதன் வாசலில் காவலாளி. தயாரிப்பாளர் அகப்பட்டுவிட்டார், அவருக்குப் பொறுமை குறைவு. நடிகர் அகப்பட்டுவிட்டார், அவருக்கு எண்பத்திரண்டு வயது. இந்த வருடம் விட்டால் இரண்டு பேரும் இருக்கமாட்டார்கள். அவராகவே "நானும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"கடைசிக் காட்சிதான் மோஷாய், படமே. காவலாளி வேலையை விட்டுவிட்டுப் படகில் அக்கரைக்குப் போகிறார். கங்கை முழுக்க மூடுபனி. முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. பத்து நிமிடம், வசனம் கிடையாது. அப்படிப்பட்ட பனி ஜனவரி நடுவில் சில நாள்தான் இறங்கும். தயாரிப்பாளர் வேண்டாம் என்றார். பனி இல்லாவிட்டால் படமும் இல்லை என்று சொல்லிவிட்டேன்." சென்சாருடன் ஒரு நிமிடக் காட்சிக்காக இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த மனிதர் வேறெப்படிச் சொல்வார்?

"மகளிடம் சொல்லவேண்டியதுதானே?"

"நீங்கள் சொல்லுங்களேன். நீங்கள் வெளியாள்."

மருமகன் அவரை இருக்கச் சொல்ல என்னை அமர்த்தியிருந்தார். மாமனார் தன்னைப் போகவிடச் சொல்ல அமர்த்திவிட்டார். இரு தரப்புக்கும் ஒரே வக்கீல். கார்பூல் வேலை எவ்வளவோ தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் கார்த்திக் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். பாக்சி பின்கட்டில் ஈராவை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்தார். மகள் மௌஷுமி, மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்த கண்களோடு என் எதிரில் உட்கார்ந்தாள். அவளோடு எனக்கும் ஆங்கிலம்தான். சாதுரியமாகத் தொடங்குவதாக நினைத்துக்கொண்டு, "கல்கத்தாவில் நவம்பர் எப்படி இருக்கும்? நல்ல குளிரோ?" என்றேன்.

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "அங்கிள், உங்களை அனுப்பியது இவரா, அப்பாவா?"

"இரண்டு பேரும்."

கார்த்திக் தோசைக்கல் பக்கமே திரும்பி நின்றுகொண்டார்.

"அப்பாவின் கேமராமேன் ஜூனிலேயே எனக்கு போன் பண்ணிவிட்டார், அப்பாவுக்கு என்ன கோட்டு வாங்குவது என்று அளவு கேட்டு. நவம்பரில் படம் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன்."

"சொல்லியிருக்கலாமே அம்மா. அவர் தவிக்கிறார்."

"அவர் தெருவில் கேட்பார், கோர்ட்டில் கேட்பார், அமைச்சரைக் கேட்பார். வீட்டில் கேட்டதே கிடையாது. அறிவிப்பார். நாளைக்குப் போகிறேன், இத்தனை மாதம். அம்மா பெட்டி அடுக்குவாள். என் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது அங்கிள். இங்கே வந்ததிலிருந்து ஒரு குழந்தையைத் தினமும் பள்ளியில் விடுகிறார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரே ஒரு தரம் என்னைக் கேட்கட்டும்."

கதவு திறந்தது. பாக்சி உள்ளே வந்து கை கழுவினார். நான் எழுந்து போகப் பார்த்தேன். கார்த்திக் என் தட்டில் ஒரு தோசையைப் போட்டு உட்காரவைத்தார். தனியாக நிற்க அவருக்கும் பயம்.

அப்பாவும் மகளும் வங்க மொழியில் பேசினார்கள். என் வங்க மொழி, படம் பார்த்து வந்தது. கோரிக்கை, கோஷம், கைது சம்பந்தப்பட்ட சொற்கள் எல்லாம் தெரியும், காய்கறிப் பெயர்கள் தெரியாது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

"மௌ," என்றார். "நவம்பரில் எனக்கு லீவு வேண்டும்."

"எதற்கு?"

"ஒரு படம்."

"ஈராவை யார் பள்ளியில் விடுவது?"

"டீச்சர் தன் பேரனோடு சேர்த்து அழைத்துப்போவதாகச் சொன்னார். சாயங்காலம் தெலுங்குக்காரர். சனிக்கிழமை குஜராத்தி அம்மா. எல்லாரிடமும் பேசிவிட்டேன்."

"எல்லாரையும் கேட்டுவிட்டு, கடைசியில் என்னை."

கையைத் துடைத்த துண்டை அவர் இன்னும் விடவில்லை. "ஆமாம்," என்றார். "மற்றவர்களைக் கேட்பது சுலபமாக இருந்தது."

கார்த்திக் மொழி தெரியாமல், ஒரு தோசை கருகுவதைக்கூடக் கவனிக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்விட்டு வாருங்கள் பாபா," என்றாள். "ஆனால் ஜனவரியில் என் பிறந்தநாளுக்கு இங்கே இருக்கவேண்டும். அது ஷூட்டிங் சீசனில் வருகிறதென்று நீங்கள் ஒரு வருடமும் இருந்ததில்லை. அது ஒன்றுதான்." கார்த்திக்குக்காக அதையும் பள்ளி ஏற்பாட்டையும் ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள்.

கார்த்திக்குக்கு உயிர் வந்தது. "அவ்ளோதானா? பொங்கலுக்கு மறுநாள்தான் சார் இவ பர்த்டே. ரெண்டையும் சேர்த்தே கொண்டாடிடுவோம். ஈஸி."

பொங்கலுக்கு மறுநாள். ஜனவரி நடு. நான் பாக்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பொட்டு மேகமில்லாமல் டெக்சஸ் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றார். துண்டை நான்காக மடித்து மேடையில் வைத்தார்.

"வந்துவிடுகிறேன்," என்றார். "பனி தேவையில்லை."

"என்ன பனி?"

"ஒன்றுமில்லை. ஒரு படகுக் காட்சி. வெயிலில் எடுத்தால் போதும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, அவருக்கு ஒரு தட்டு எடுத்துவைத்தாள். அவர் உட்கார்ந்து, கருகின தோசைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாநிலங்களில் பேசுவதற்காகவே வந்தவன் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மௌஷுமிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கார்த்திக்குக்குத் தெரியும், நேரம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.